ஊர்வாயில் ஏறும் பாட்டு

ஷான் ரோல்டன் என்ற பெயரில் இயங்கும் ராகவேந்திரா, சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனின் பேரன். கர்னாடக சங்கீதம் பயின்றவர். திரைக்கு வருமுன் ‘ஷான் ரோல்டன் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற குழுவை நடத்திவந்தார். ராகமும் ப்ளூஸும் நாட்டுப்புற மெட்டும் ஒரே பாட்டுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று அந்தக் குழுவில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தேடிப் போய்க் கேட்க ஒரு சிறு கூட்டம் இருந்தது. 2014இல் ‘வாயை மூடி பேசவும்’, ‘முண்டாசுப்பட்டி’, ‘சதுரங்க வேட்டை’ என்று ஒரே ஆண்டில் அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. 2023இல் ‘குட் நைட்’ படத்தின் ‘நான் காலி’ பாட்டு திருவண்ணாமலை ஷேர் ஆட்டோக்களின் ஸ்பீக்கர் வரை வந்து சேர்ந்தது. “நல்லாத்தான் பண்ணிக்கிட்டிருந்தாரு, சினிமாவுக்குப் போயிட்டாரு” என்ற பேச்சும் அதன் கூடவே வந்தது.

இந்தப் பேச்சு புதிதல்ல. சோதனை செய்து பார்க்கிற எந்தக் கலைஞர் பலரும் பாடக்கூடிய பாட்டின் பக்கம் திரும்பினாலும், முதலில் மனம் கசப்பவர்கள் அவரை ஆரம்பத்திலிருந்து கேட்டவர்களே. அந்தக் கசப்பில் பாசம் இருக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாட்டு எளிதாகிவிட்டது என்பது ஒன்று, பாட்டு விலைபோய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். அந்தக் கடமை திருவண்ணாமலையிலிருந்து வெளிவரும் ஓர் இதழுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தமிழில் சந்தச் சோதனை தொட்ட உச்சம் எதுவோ, அது தொடங்கிய ஊர் இது.

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டினர். கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது ஊர் சொல்லும் கதை; அது வல்லாள மகாராஜா கோபுரம் என்று கைகாட்டியும் சொல்வார்கள். ‘முத்தைத்தரு’ அவர் பாடிய முதல் பாட்டு என்பது மரபு. அதன் சந்தத்தை மட்டும் தனியே எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்: தத்தத்தன தத்தத் தனதன. இது மூன்று முறை திரும்பி வந்து, ‘தனதான’ என்ற தொங்கலில் இறங்கி நிற்கும். முதல் சீரில் வல்லொற்று இரண்டு தடவை நாக்கை அடைத்து நிறுத்திவிட்டுப் பின் லேசாக வழிவிடுகிறது. இரண்டாவது சீர் முழுக்க அடைப்புதான். மூன்றாவதில் நான்கு குறில்களும் தடையில்லாமல் ஓடிவிடுகின்றன. இந்த அமைப்பை முதலடியிலிருந்து கடைசி அடிவரை பிசகாமல் நிறைத்துக்கொண்டே போக வேண்டும். பொருளும் வந்து உட்கார வேண்டும், பக்தியும் குறையக் கூடாது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு சந்தத்தில் கட்டுண்ட 1,300க்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன.

அவர் பாடிய மெட்டுகள் நமக்கு வந்து சேரவில்லை. ஏட்டில் வந்தவை சொல்லும் சந்தமும்தான். அந்த ஏடுகளைத் தேடித் திரட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் வடக்குப்பட்டு வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அந்தப் பாடல்களைப் பாடிப் பாடிப் பரப்பியவர் வள்ளிமலை சுவாமிகள். இவர்கள் போட்ட பாதையில் வந்தாலும், ‘முத்தைத்தரு’ எல்லோர் காதிலும் விழுந்தது 1964இல்தான். ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் அருணகிரியாகவே நடித்து அதைப் பாடினார். படத்துக்கு இசை ஜி. ராமநாதனும் டி. ஆர். பாப்பாவும். சண்முகப்ரியாவில் அமைந்த அந்த மெட்டு இன்று கோயில் மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கிரிவலப் பாதையின் ஒலிபெருக்கியிலும் ‘முத்தைத்தரு’வின் சொந்த மெட்டாகவே நிலைத்துவிட்டது. பண்டிதர்கள் வியந்து பேசும் சந்தம் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் வாயிலும் திக்காமல் வருகிறது. அதைச் செய்தது ஒரு சினிமாப் பாட்டு. சந்தத்தில் ஒரு தகரம்கூடக் குறையவில்லை.

இந்த ஊரின் பழைய பாடல்களை இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் புலப்படும். மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடியவை என்று சொல்லப்படும் திருவெம்பாவையும் திருவம்மானையும் தத்துவ நூலின் சட்டகத்தில் எழுந்தவை அல்ல. ஒன்று, மார்கழி விடியலில் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி நீராடக் கூட்டிப்போகும் பேச்சு. மற்றது, காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி பாடும் அம்மானை ஆட்டம். சைவத்தின் கடினமான கருத்துகளைச் சொல்ல அவர் கையிலெடுத்தது விளையாட்டுப் பாட்டின் வடிவம். அந்த வடிவம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சயாம் அரசவையின் பிராமணர்கள் நடத்திய ஊஞ்சல் விழாவின் பெயரான ‘திரியம்பாவை’யில் திருவெம்பாவையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரமணரின் ‘அருணாசல அக்ஷரமணமாலை’க்குக் காரணம் பிச்சைதான். அவர் விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், அடியார்கள் மலையிறங்கி ஊருக்குள் பாடிக்கொண்டே போய் உணவு வாங்கி வருவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் தாராளமாகச் சோறு கிடைக்கிறது என்று கண்ட வேறு சிலரும் அதையே பாடிக்கொண்டு வந்துவிட, தங்களுக்கென்று தனிப்பாட்டு வேண்டும் என்று அடியார்கள் கேட்டார்கள். அப்படி வந்ததுதான் அகர வரிசையில் அமைந்த 108 கண்ணிகளும். அத்வைதத்தின் நுட்பங்கள் தெருவில் நடந்துகொண்டே பாடும் நடைக்கு இறங்கி வந்தன. அவற்றுக்குப் பின்னாளில் உரைகள் எழுத வேண்டியிருந்தது என்பதே, பாட்டின் எளிமை பொருளைக் கரைத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

ரமணர் மீது தீராத ஈடுபாடு கொண்ட இளையராஜா இந்த ஊருக்கு அந்நியர் அல்ல. அவருடைய ‘ரமண மாலை’ ஒலிக்காத கிரிவல நாள் அபூர்வம். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வந்தது. அதில் ‘கலைவாணியே’ பாட்டு கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை மட்டும் வைத்துப் போட்டது. ஒவ்வொரு பிடியும் ஏறுமுகம்தான், இறங்கி வருவதே கிடையாது. இளையராஜா தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இது; பாட்டு அதைப் பறைசாற்றுவதில்லை. கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது உருக்கமான ஒரு ஜேசுதாஸ் பாட்டு, அவ்வளவே. அதே படத்தில் ‘பாடறியேன்’ என்ற நாட்டுப்புறப் பாட்டு தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்க் கலக்கிறது. காம்போதியில் பாடப்பட்டுவந்த கீர்த்தனையை அவர் சாரமதிக்கு மாற்றியது அன்று சர்ச்சையானது. சபாவில் செய்தால் மேடையே கிடைத்திருக்காத ஒரு சோதனையை, டூரிங் டாக்கீஸ் மணல்தரையில் உட்கார்ந்து ஜனங்கள் கேட்டார்கள். அந்தப் படத்துக்காக அவருக்கும், ‘பாடறியேன்’ பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

ஷான் ரோல்டனை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதே நியாயம். 2016இல் வெளிவந்த ராஜு முருகனின் ‘ஜோக்கர்’ படத்தில் ‘ஜாஸ்மினு’ பாட்டை அவர் சுந்தரய்யர் என்ற நாட்டுப்புறப் பாடகரிடம் கொடுத்தார். மெருகேற்றாத குரல். பேச்சின் கொச்சையைத் திருத்தாத உச்சரிப்பு. வாத்தியங்கள் அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்தக் குரலையும் சுருதிக்கு இழுத்துப் பிடித்துவிடக்கூடிய காலத்தில், அப்படிச் செய்யாமல் விடுவது இசையமைப்பாளர் எடுக்கிற முடிவு. அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதை சுந்தரய்யர் பெற்றார். குழு மேடையில் ஷான் ரோல்டன் தேடிக்கொண்டிருந்தது இதையும்தான் என்று இவ்விதழுக்குத் தோன்றுகிறது. அவருடைய படப்பாடல்கள் எல்லாவற்றையும் இப்படிக் கொண்டாட முடியாது. சிலவற்றில் இனிமை இருக்கிறது, அந்தப் பழைய துணிச்சலைக் காணோம்.

இங்கேதான் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இடம் வருகிறது. திரைப்பாட்டின் சூழலை இயக்குநர் தருகிறார், வெளியீட்டுத் தேதியைத் தயாரிப்பாளர் குறிக்கிறார், எந்த வரி செல்போனில் அரை நிமிடத் துண்டாகச் சுற்றும் என்ற கணக்கு மெட்டுப் போடும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த நெருக்கடியில் பலரும் தங்கள் சோதனையை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது உண்மையான இழப்பு, அதற்காக வருந்தலாம், கோபப்படலாம். ஆனால் அந்தக் கோபம் எளிமையின் மேல் பாயக் கூடாது. ராக் இசையிலிருந்து வந்த தென்மாவின் கதை இதற்கு நல்ல எதிர் உதாரணம். இயக்குநர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடப்பட்ட கானாவை நோக்கி அவர் திரும்பினார். பலருக்கும் புரிகிற பாட்டுதான் அது. எந்தச் சந்தையும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

எளிமைக்குப் போனவர் திரும்பி வருவதும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் 1930இல் ‘பியானோ வேரியேஷன்ஸ்’ என்ற கரடுமுரடான படைப்பை எழுதினார். சில ஆண்டுகளில், தமக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது என்று உணர்ந்து வேண்டுமென்றே எளிய நடைக்கு மாறினார். ஷேக்கர் சமயத்தாரின் பழைய பாட்டு ஒன்றை உள்ளே வைத்து அவர் எழுதிய ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ 1944இல் வந்தது, இன்றும் வாசிக்கப்படுகிறது. அதே கோப்லாண்ட் 1962இல் ‘கன்னொட்டேஷன்ஸ்’ என்று மறுபடி கடினமான பன்னிரு சுர முறைக்குப் போனார். இளையராஜாவும் ஆயிரம் படங்களுக்குப் பிறகு, 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ‘வேலியண்ட்’ சிம்பொனியை நிகழ்த்தினார். போனவர் போனவர்தான் என்று தலைமுழுகிவிடுகிற ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சிற்றிதழ் வாசகர்களிடம் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகம் 1960களின் இறுதியில் ‘நடை’ சிற்றிதழில் வந்தது. மேடைக்கு அடங்காத, கதையைக் கைவிட்ட எழுத்து. அவர்தான் பிறகு நம் மாவட்டத்தில் செய்யாறு பக்கத்துப் புரிசையின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்தைப் பார்த்து அசந்துபோனார். அந்தக் கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாயின. முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்கு அதே புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் ஆசான் ஆனார். தமிழ் நவீன நாடகத்தின் முக்கியமான திருப்பம், ஊர்க்காரர்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் ஒரு கலையை நோக்கியே நிகழ்ந்தது. அதை யாரும் சறுக்கல் என்று சொல்வதில்லை. ஓர் இசைக்காரர் அதே திசையில் நடந்தால் மட்டும் நம் முகம் ஏன் சுளிக்கிறது?

நம் ஊர் நிலைமையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் வரும் ஊர் இது. ஆனால் டிக்கெட் வாங்கித் தனியிசைக் குழு ஒன்றைக் கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. சென்னையில் ஷான் ரோல்டன் குழுவாக வாசித்த காலத்தில் அவர் இருப்பதே இங்கே தெரியாது. படம்தான் அவரை இந்த ஊருக்குக் கூட்டிவந்தது. சினிமாவைத் தவிர வேறு வழியில் ஓர் இசைக்காரர் திருவண்ணாமலைக்கு வந்து சேர முடியாது என்ற நிலை இருக்கும்வரை, அவர் சினிமாவுக்குப் போனதைக் குறைசொல்ல நமக்கு உரிமை குறைவு. கல்லூரிகளில் அரங்கு இருக்கிறது. ஆண்டு விழாவுக்குத் திரைப்பாடகரை அழைக்கும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினாலே, ஒரு பருவத்துக்கு ஒரு தனியிசைக் குழுவையும் ஒரு புரிசைக் கூத்தையும் மாணவர்கள் முன் நிறுத்திவிடலாம். இதைக் கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்க இவ்விதழின் நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெரிவிக்கலாம்.

அடுத்த இதழிலிருந்து இசைக்கென்று பக்கங்கள் ஒதுக்கப்படும். கோயில் தவில், நாகஸ்வரக்காரர்களைப் பற்றியும், கூத்தின் முகவீணை பற்றியும், திருப்புகழ்ச் சபைகளின் பாடுமுறை பற்றியும், திரைப்பாட்டு பற்றியும் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. ஒரு பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் தாளத்தையும் மெட்டையும் குரலையும் பிரித்துச் சொல்லி எழுதட்டும். உருக்கமாக இருந்தது என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். கட்டுரைகள் தை மாதம் முடிவதற்குள் வந்து சேர வேண்டும்.