அரசின்மைக் கோட்பாடும் ஊராட்சி மயக்கமும்

முன்னுரை

முதலாளியத்திற்கும் அரசிற்கும் மாற்றாக முன்வைக்கப்பெற்ற அரசின்மைக் கோட்பாடு தமிழ் ஆய்வுலகில் இருவகையாகப் பிழைபடக் கொள்ளப்படுகின்றது. ஒருசாரார் அதனை வெறுங்குழப்பம் என ஒதுக்குவர். மற்றொருசாரார் அது பழந்தமிழ் ஊராட்சியிலேயே இருந்தது எனப் பெருமிதம் கொள்வர். முன்னது அறியாமை, பின்னது அதனினும் தீங்கானது. முன்னது கோட்பாட்டை மறுக்கின்றது. பின்னதோ அதன் உயிர்நிலையாகிய உடைமை மறுப்பை நீக்கிவிட்டு, வெறுங்கூட்டைப் போற்றுகின்றது.

சொல்லும் பொருளும்

'அராஜகம்' என்னும் வடசொல் அரசன் இல்லாமையை மட்டுமே சுட்டுவது. வழக்கில் அது வன்முறை, முறைகேடு ஆகிய பொருள்களை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் கிரேக்கச் சொல்லுக்கும் இதே நிலை நேர்ந்தது. வசையாக வழங்கிய அதனை 1840-இல் புரூதோன் தம் கொள்கைப் பெயராகவே ஏற்றார். ஒழுங்கே வேண்டா என்பது இக்கோட்பாட்டினர் கருத்தன்று. மேலிருந்து ஏவப்படும் ஒழுங்கு வேண்டா என்பதே ஆகும். உடைமையும் அரசும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒழித்தல் இயலாது என்பது பக்கூனின் முதலியோர் துணிபு.

இது தமிழர்க்கு முற்றும் அயலான சிந்தனையுமன்று. 1887-இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியாரின் 'இந்தியா' இதழோடு தொடர்புடையவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். பின்னர் அதனின்று விலகி அரசின்மையாளராகி, தனியார் முதலாளியத்தையும் அரசு முதலாளியத்தையும் ஒருங்கே எதிர்த்தார். 1954-இல் பம்பாயில் மறைந்த அவருடைய கட்டுரைகள் 2019-இல் ஆங்கிலத்தில் நூலாயின. கோட்பாட்டைக் குழப்பம் என்று ஒதுக்குவோர் அவரையும் சேர்த்தே மறந்தனர்.

ஸ்பெயின் காட்டும் சான்று

1936-இல் ஸ்பெயினில் படைத்தலைவர்கள் கலகம் செய்தபோது, பார்சிலோனா நகரின் டிராம் வண்டிகளைத் தொழிலாளரே ஏற்று நடத்தினர். அரகோன் பகுதி உழவர் பலர் நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிட்டனர். முதலாளி இன்றேல் தொழில் நின்றுபோகும் என்னும் கூற்று அங்கே பொய்த்தது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரிலேயே அரசின்மைத் தொழிற்சங்கத்தினர் நால்வர் அமைச்சர் பதவி ஏற்றனர். 1937 ஆகஸ்டில் குடியரசின் படையே அரகோன் மன்றத்தைக் கலைத்தது. ஊரளவில் விடை கண்ட கோட்பாடு, நாட்டளவில் போரையும் பங்கீட்டையும் ஒருங்கிணைக்க விடை காணவில்லை என்பதை மறைத்தல் ஆய்வாகாது.

உத்தரமேரூர் விடையாகுமா?

முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டி, அரசு தலையிடாத் தன்னாட்சி இதுவே என்பர் சிலர். குடவோலையில் பெயர் இடம்பெற நிலவுடைமையும், சொந்த மனையும், வேதக் கல்வியும் வேண்டும் என்கின்றன அக்கல்வெட்டுகள். உழைத்த மக்களுக்கு அங்கே ஓலையில்லை. அவ்விதிகள் வகுக்கப்பெற்ற அவையில் அரசனின் அதிகாரியும் உடனிருந்தார். உடைமையும் அரசும் கைகோத்து நின்ற அவையை அரசின்மைக்கு முன்னோடி என்பது கோட்பாட்டையும் அறியாமை, கல்வெட்டையும் படியாமை.

ஊரை ஆட்சியின் அடிப்படை அலகாக்கும் கருத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். ஊரே ஒடுக்கும்பொழுது, ஒடுக்கப்பட்டவர் வெளியே முறையிட இடம் யாது? அரசின்மையாளர் கடக்க வேண்டிய வினா இது. எனினும் அரசே அவ்விடம் என்று எளிதில் அமைதல் இயலாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். குற்றஞ்சாட்டப்பெற்ற நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. உடைமையின் முன் அரசு நடுவுநிலை தவறும் என்னும் கூற்றுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

சாதியும் நிலவுடைமையும் இணைந்த ஊராதிக்கத்தை, மற்றோர் ஆதிக்கத்தை அதன் இடத்தில் அமர்த்தாமல் எங்ஙனம் உடைப்பது என்பதே விவாதத்திற்குரிய பொருள். இதனைத் தவிர்த்துப் பழம்பெருமை பேசுவோர் அரசின்மையைப் பேசவில்லை; அரசு எட்டிப்பாராத உடைமையையே பேசுகின்றனர்.