இரண்டு வாரத்தில் கெட்டுப்போகிற பிள்ளைகளா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு 2025 மே மாதம் ஒரு கடிதம் போனது. எழுதியவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் கீழவையின் இரண்டு குழுத் தலைவர்கள், ஜான் மூலெனாரும் டிம் வால்பெர்க்கும். ஷாங்காய்க்குப் பக்கத்திலுள்ள குன்ஷான் நகரில் வூஹான் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து டியூக் நடத்திவரும் வளாகத்தைக் கைவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தொழில்நுட்பம் களவுபோகிறது, ராணுவ ஆராய்ச்சிக்குத் துணைபோகிறது என்ற வழக்கமான புகார்களோடு, மாணவர்களின் சீனப் பயணமும் குற்றப்பத்திரிகையில் ஏறியிருந்தது. அங்கே போன பிள்ளைகளைச் சீன ஊடகங்கள் கேமராவோடு மொய்த்தனவாம்; சீனாவைப் புகழ்ந்து பேசவைத்தனவாம்.

மொய்த்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தாளியாக வந்த வெள்ளைக்கார மாணவன் நான்கு வார்த்தை சீன மொழியில் பேசினால் அதை மாலைச் செய்தியில் போடாமல் விடுவதற்குச் சீன அரசு ஊடகம் என்ன சந்நியாசி மடமா? என் எரிச்சல் வேறு. கேமராவுக்குப் பயந்து இருபது வயதுப் பிள்ளைகளை வீட்டோடு இருக்கச் சொல்லும் அறிவாளிகள் மீதுதான் எரிச்சல். உலகின் முதல் வல்லரசு, தன் கல்லூரி மாணவர் இரண்டு வாரத்தில் கம்யூனிஸ்டாகித் திரும்புவார் என்று அஞ்சுமானால், சிக்கல் சீனாவில் இல்லை.

இந்தச் சுற்றுலாக்கள் எப்படி நடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பெய்ஜிங், ஷியான், ஷாங்காய். நேரம் மிஞ்சினால் செங்டுவில் பாண்டாக் கரடி. 1420-ல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனை நகரம் ஒரு நாள். பெரும்பாலும் மிங் வம்சம் எழுப்பிய பெருஞ்சுவரின் ஒரு துண்டு இன்னொரு நாள். 1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட சுடுமண் படை வீரர்களுக்கு ஒரு முற்பகல். நடுவில் தூரிகை பிடித்து எழுத்துப் பழக ஒரு மணி நேரம், பூங்காவில் தாய்ச்சி, மாவுக் கொழுக்கட்டை பிடிக்கக் கற்றுக்கொள்ளல், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் ரயிலில் செல்ஃபி. இதற்குப் பெயர் வரலாறும் பண்பாடும்.

காட்டாத பட்டியலும் உண்டு. தியானன்மென் சதுக்கத்தில் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடக்கும் குழுவுக்கு, 1989 ஜூனில் மாணவர் போராட்டத்தை ராணுவம் அங்கே நசுக்கியதைப் பற்றி யாரும் சொல்லப்போவதில்லை. மாவோவின் பெரும் பாய்ச்சல் காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்த 1959–61 எந்தப் பயணத் திட்டத்திலும் வராது. கலாச்சாரப் புரட்சிக்கென்று சாந்தோ நகரில் 2005-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகைகளையே 2016-ல் பிரச்சாரச் சுவரொட்டி ஒட்டி மறைத்துவிட்டார்கள். அங்கே யார் பஸ் நிறுத்துவார்?

ஆனால் இதைச் செய்யாத அரசு எது? விருந்தாளிக்குக் கூடத்தைக் காட்டுவார்கள், கொல்லைப்புறத்தைக் காட்டமாட்டார்கள். அமெரிக்காவே 1940 முதல் வெளிநாட்டு இளம் தலைவர்களை அழைத்து ஊர் சுற்றிக் காட்டிவருகிறது. பிரதமராவதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1967-ல், மார்கரெட் தாட்சர் அப்படிப் போனவர்தான். அதை யாரும் மூளைச்சலவை என்று சொல்வதில்லை, ராஜதந்திரம் என்பார்கள்.

இன்னொருவரும் போனார். 1985-ல் ஹெபெய் மாகாணத்தின் ஜெங்திங் மாவட்டக் கட்சிச் செயலாளராக இருந்த ஓர் இளைஞர், விவசாயக் குழு ஒன்றோடு அயோவா மாநிலத்தின் மஸ்கட்டைன் என்ற சிற்றூருக்குப் போய் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார். பெயர் ஷி ஜின்பிங். 2023 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அவர்தான், ஐந்து ஆண்டுகளில் 50,000 அமெரிக்க இளைஞர்களைச் சீனாவுக்கு அழைப்பதாக அறிவித்தார். அந்தத் திட்டத்தில் முதலில் போனவர்களில் மஸ்கட்டைன் பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். ஒரு குறுகிய பயணத்தை 38 ஆண்டுகள் நினைவில் வைத்திருந்து வட்டியோடு வசூலிக்கத் தெரிந்தவரிடம், பயணமே வேண்டாம் என்று சொல்லிப் போட்டிபோட முடியுமா?

இனி எண்களுக்கு வருவோம். 2021–22 கல்வியாண்டில் சீனாவுக்குப் படிக்கப் போன அமெரிக்க மாணவர்கள் 211 பேர். ஆயிரமோ லட்சமோ விட்டுப்போகவில்லை; 211 பேர்தான். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் ஒரு துறையின் முதலாமாண்டு வருகைப் பதிவேட்டில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் படித்த சீன மாணவர்கள் 2,90,086 பேர். ஒரு அமெரிக்கருக்குச் சுமார் 1,375 சீனர்கள். அந்த 1,375 பேர் ஆங்கிலம் பேசி, அமெரிக்க வகுப்பறையில் விவாதித்து, அமெரிக்க வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பது வரை தெரிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அவரும் முதல் பருவத்திலேயே சீன எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர். இரண்டு நாடுகளில் எது மற்றதை அதிகம் அறிந்திருக்கும் என்று கேட்க உளவுத்துறை அறிக்கை வேண்டியதில்லை.

உடனே கொரோனா என்பார்கள். எல்லையை மூடியது சீனாதானே என்பார்கள். சரி, கொரோனாவுக்கு முந்தைய கணக்கை எடுங்கள். 2011–12-ல் 14,887 பேர் போனார்கள். 2018–19-ல் அது 11,639. எந்தக் கிருமியும் கிளம்புவதற்கு முன்பே மூவாயிரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. சீனாவுக்கு ஒரு லட்சம் மாணவர்களை அனுப்பப்போவதாக ஒபாமா 2009-ல் அறிவித்ததற்குப் பிறகு நடந்த தேய்மானம் இது. எல்லை திறந்த 2022–23-ல் எண்ணிக்கை 469. இரட்டிப்புக்கு மேல் என்று இதையும் யாராவது சாதனையாக எழுதலாம்.

நடுவில் 2020 ஜூலையில் ஹாங்காங் விவகாரத்தைக் காட்டி டிரம்ப் போட்ட ஆணை ஒன்று, கல்விப் பரிமாற்றத்துக்கு அமெரிக்க அரசு தரும் ஃபுல்பிரைட் உதவித்தொகையைச் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் நிறுத்தியது. ஃபுல்பிரைட் திட்டத்தில் உலகிலேயே முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது சீனாவோடுதான், 1947-ல். முதல் ஆய்வாளராக டெர்க் போடி 1948-ல் பீக்கிங் போனார். ஊர் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்ததை உள்ளே இருந்து பார்த்தார். நாட்குறிப்பாகப் புத்தகமும் போட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கு அன்று ஆள் அனுப்ப முடிந்தது. ஹோட்டலில் வைஃபை இருக்கிற நாட்டுக்கு இன்று முடியவில்லை.

இதன் விலை என்ன என்பதற்கு வரலாறு ஒரு முறை ரசீது கொடுத்துவிட்டது. 1950-களில், எங்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடிய செனட்டர் மெக்கார்த்தியின் கும்பல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் சீன வல்லுநர்களைத் தேடித் தேடி வேட்டையாடியது. ஜான் சர்வீஸ் 1951-ல் வேலையிழந்தார், ஜான் பேட்டன் டேவிஸ் 1954-ல். மாவோ ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதியதுதான் அவர்கள் செய்த பாவம். பத்தாண்டு கழித்து வியட்நாம் விஷயத்தில் ஆலோசனை கேட்க அந்தப் பிராந்தியத்தை அறிந்த மூத்தவர்கள் யாரும் மிச்சமில்லை என்று, போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவே பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். வியட்நாம் போருக்கு நூறு காரணம் சொல்வார்கள் வரலாற்றாசிரியர்கள். என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும்.

சுற்றுலாவை நான் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். பத்து நாள் போய்வந்து புல்லட் ரயில் புகழ் பாடும் கூட்டத்தைக் கண்டாலும் எனக்கு அதே அளவு சலிப்பு. அவர்களோடு வாதிட ஒன்றுமில்லை; விமான நிலையத்தில் வாங்கிய தேயிலை தீர்ந்ததும் அந்தப் புகழும் தீர்ந்துவிடும். சுற்றுலாவின் குறை அதில் பிரச்சாரம் இருப்பதில் இல்லை. போகிறவருக்கு மொழி தெரியாததில் இருக்கிறது. மொழி தெரிந்தவருக்கு வழிகாட்டி சொல்லாததைக் கடைக்காரர் சொல்வார், பெயர்ப்பலகை சொல்லும், ஒட்டி மறைத்த சுவரொட்டியும் சொல்லும்.

இதை 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீனர் கண்டுகொண்டார். யுவான் சுவாங்கை நம் பள்ளிப் பாடநூல் போதிய அளவு கொண்டாடிவிட்டது. நான் சொல்வது பௌத்தத் துறவி இட்சிங்கை. 671-ல் குவாங்சோ துறைமுகத்தில் பாரசீகக் கப்பல் ஏறினார். நேராக நாளந்தா போகவில்லை. ஸ்ரீவிஜயத்தில், இன்றைய சுமத்ராவின் பலெம்பாங் பக்கம், ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். அதற்குப் பிறகுதான் இந்தியா. நாளந்தாவில் சுமார் பத்து ஆண்டுகள். 695-ல் அவர் லுவோயாங் திரும்பியபோது சுமார் 400 நூல்கள் உடன்வந்தன. பேரரசி வூ நகர வாயிலுக்கே வந்து வரவேற்றார். தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அவர் எழுதிவைத்த யோசனை, இந்தியா போகுமுன் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கி மொழியையும் முறைமைகளையும் பழகிக்கொள்ளுங்கள் என்பது. தனக்கு முன்னும் தன் காலத்திலும் இந்தியா நோக்கிக் கிளம்பிய ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாற்றையும் தொகுத்தார். அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. கடலிலும் காய்ச்சலிலும் போனார்கள். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகமும் இட்சிங்கின் அந்த ஒரு யோசனையைக் கடன் வாங்கினால் போதும். மொழித் தேர்வில் தேறினால் பயணச்சீட்டு, இல்லையென்றால் இல்லை.

அமெரிக்காவைத் திட்டுவது நமக்கு எப்போதும் சுகம். நம் நிலைமை அதைவிட மோசம். அவர்களுக்குச் சீனா கடலுக்கு அப்பால். நமக்கு 3,488 கிலோமீட்டர் எல்லை. 2019-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகளில் சீனமும் இருந்தது. கல்வான் மோதலுக்கு ஆறு வாரம் கழித்து, 2020 ஜூலையில் வெளிவந்த இறுதி வடிவத்தில் கொரியன், ஜப்பானியம், தாய் எல்லாம் இருக்கின்றன, சீனத்தைக் காணோம். எல்லையில் எதிரே நிற்கிறவனின் மொழியைப் பட்டியலிலிருந்து நீக்கியதுதான் நாம் கொடுத்த பதிலடி. இதைத் திட்டமிட்டவர்களுக்கு எந்தப் பதக்கம் தருவது என்று தெரியவில்லை.

கொரோனாவுக்கு முன் 23,000 இந்திய மாணவர்கள் சீனாவில் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். பெரும்பாலும் மருத்துவம் படிக்கப் போனவர்கள். இங்கே இடம் கிடைக்காததால் அங்கே போனவர்களைச் சீன வரலாற்று மாணவர் கணக்கில் சேர்ப்பது நேர்மையில்லை.

1962 போருக்குப் பிறகு இரு நாடுகளும் என்ன செய்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசாமிலும் வங்காளத்திலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினரில் சுமார் மூவாயிரம் பேரை நாம் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தோம். 1937-ல் தாகூரும் தான் யுன்ஷானும் சாந்திநிகேதனில் எழுப்பிய சீன பவனம் களையிழந்தது. சீனா என்ன செய்தது? 1963 ஆகஸ்டில் பெய்ஜிங்கிலிருந்து தமிழ் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. நம் பக்கம் முள்வேலி, அவர்கள் பக்கம் தமிழ்ச் செய்தி அறிக்கை. இன்று பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடம். அறுபது ஆண்டில் அவர்கள் எங்கே, நாம் எங்கே என்பதற்குப் பொருளாதார வல்லுநர்கள் தொழிற்சாலைக் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் காட்டுவார்கள். நான் இந்த வானொலியைக் காட்டுவேன்.

தமிழ் மாணவருக்குச் சீனா போகச் சொந்தக் காரணமே இருக்கிறது. ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அங்கே எழுந்த சிவன் கோயிலைப் பற்றிப் பேசும் அந்தக் கல்லில் கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அந்தக் கோயில் இப்போது இல்லை. நம் சிற்ப மரபில் செதுக்கிய தூண்கள் ஊரின் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. சுவான்சோ 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாண்டாவையும் சுடுமண் வீரனையும் காட்டும் பயணத் திட்டங்களில் சுவான்சோ அநேகமாக வராது. கேட்டால்தானே வரும்? கேட்க ஆள் வேண்டும். அந்தக் கல்லின் தமிழையும் கடைசி வரிச் சீனத்தையும் சேர்த்து வாசிக்கும் மாணவர் நம் பல்கலைக்கழகத்திலிருந்து போகிற நாளில், எந்த ஊடகம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவர் சொல்வதைத்தான் அது பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு 2025 அக்டோபரில் நேரடி விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிவிட்டது. சரக்கு வாங்கப் போகிற வணிகரை யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் சீனக் கல்வி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வெளியுறவு அமைச்சகத்தையும் உள்துறை அமைச்சகத்தையும் கேட்டாக வேண்டும் என்று 2019-ல் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லப்பட்டது. வணிகர் தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்கிறார். துணைவேந்தர் இரண்டு அமைச்சகங்களின் வாசலில் நிற்க வேண்டும். அந்த உத்தரவை முதலில் கிழித்துப் போடட்டும். கூடவே கல்விக் கொள்கையின் மொழிப் பட்டியலில் சீனத்தைத் திரும்பச் சேர்க்கட்டும். இரண்டுக்கும் பணம் வேண்டாம், நாடாளுமன்றச் சட்டம் வேண்டாம், கையெழுத்து போதும்.