மினி கோல்ஃபும் ஆரணித் தறியும்: லேப் மட்டும் இருந்தா போதுமா?

ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து குட்டி கோல்ஃப் மைதானம் வடிவமைத்துக் கட்டணும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இது கணக்குப் பாட ப்ராஜெக்ட். பந்து சுவரில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைச் செய்து பார்த்தே கற்கிறார்கள்.

நம்ம ஊர்ல என்ன இருக்கு?

அடல் டிங்கரிங் லேப். 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களுக்கானது. பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மத்திய அரசு நிதி. 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் அமைக்கப்படும் என்றது 2025 பட்ஜெட்.

சிக்கல் எங்கே?

3டி பிரின்டர் வந்துடும். அதுல கீ செயின் மட்டுமே செய்தா என்ன பயன்? யாருக்காகச் செய்றோம் என்பதுதான் கேள்வி.

தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் 6-ம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒரு சேலைக்கு சுமார் 9,000 முறை கையை வீசி நூல் சுற்றிய அம்மாவின் தோள்வலியைப் பார்த்து, 1999-ல் அதற்கு இயந்திரம் செய்து முடித்தார். 2017-ல் பத்மஸ்ரீ.

ஆரணிக்கு என்ன பாடம்?

புவிசார் குறியீடு பெற்ற பட்டு ஊர் இது. புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முடியும் வேலை இங்கேயும் உண்டு. மாணவருக்கு ஜோடியாக ஒரு நெசவாளரைச் சேர்த்தால், ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேட வேண்டியதில்லை.