பழைய மாடல் கிடார்: அழகு மட்டும் போதுமா பாஸ்?

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அதே தோற்றத்தில் மறுபடி தரும் ‘ரீஇஷ்யூ’ கிடாரை போனில் பார்த்ததும் ஆர்டர் போடத் தோன்றும். அவசரப்படாதீர்கள்!

அந்தக் கால ஃபெண்டரின் ஃபிரெட்போர்டு வளைவு 7.25 இன்ச், இப்போது பல மாடல்களில் 9.5. எண் குறைந்தால் வளைவு அதிகம். கார்டு பிடிக்க சுகம்தான். ஆனால், 12-வது ஃபிரெட்டுக்கு மேலே கம்பியை இழுத்து வாசித்தால் சில கிடார்களில் சத்தம் செத்துவிடும். அதை வாசித்துப் பாருங்கள். நெக் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் முனை குத்தக் கூடாது. ஆம்ப்பில் லேசான இரைச்சல் இருந்தால், சிங்கிள் காயில் பிக்கப்புக்கு அது இயல்பு.

பெரம்பலூர், அரியலூர் மக்களே, வாங்கும் முன் திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு நடை போய் வாசித்துப் பாருங்கள். பஸ் காசு போனால் போகட்டும். சேர்த்துவைத்த காசு வீணாகக் கூடாது!