மடங்கள் தம் காலில் நிற்கட்டும்

நல்லூர்க் கந்தசுவாமி ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டின் விலை ஒரு ரூபா. ஒரு ரூபாவுக்குக் கடையில் எதுவுமே கிடைக்காத இக்காலத்திலும் அந்த விலை உயர்த்தப்படவில்லை. 25 நாள் நடைபெறும் பெருந்திருவிழாவில் செல்வந்தரும் கூலித் தொழிலாளரும் அதே ஒரு ரூபாவைக் கொடுத்தே அர்ச்சனை செய்கின்றனர். போர்த்துக்கேயரால் பழைய கோயில் இடித்து அழிக்கப்பட்ட பின்னர், 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்கீழ் எளிய நிலையில் மீண்டும் எழுந்த ஆலயம் இது. அது இன்று கோபுரங்களோடு நிமிர்ந்து நிற்கிறதென்றால், அடியார்களின் உபயங்களும் காணிக்கைகளும், மாப்பாண முதலியார் பரம்பரையினரின் ஒழுங்கான நிர்வாகமுமே அதற்குக் காரணம். பலரது சிறு தொகையும் சிலரது கட்டுப்பாடும் சேர்ந்தால் ஒரு வழிபாட்டிடம் நிலைத்து நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்தப் பாடத்தைக் குடாநாட்டின் ஏனைய சமய இல்லங்கள் எவ்வளவு தூரம் கற்றுக்கொண்டுள்ளன என்பதே இன்று எழும் கேள்வி. யுத்தம் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் பின்னர் ஆலயங்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், கன்னியர் மடங்கள் எனப் பலவும் புனரமைக்கப்பட்டன. புலம்பெயர்ந்த உறவுகள் தாராளமாக உதவினர். ஆனால், கட்டுவதற்குப் பணம் கிடைக்கும் அளவுக்குக் கட்டியதைப் பேணுவதற்குப் பணம் கிடைப்பதில்லை. அடிக்கல்லில் பெயர் பொறிக்க விரும்புவோர் பலர். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றவும், கிணற்றைத் தூர்வாரவும் முன்வருவோர் சிலரே. ஓடு மாற்றியவரின் பெயரை எவரும் கல்லில் வெட்டுவதில்லை. திறப்பு விழாவின் ஆரவாரம் அடங்கிய பின்னர் அந்த இல்லத்தில் வாழ்வோரே மழைக்கும் மின் கட்டணத்துக்கும் முகம் கொடுக்கின்றனர்.

தம் தேவையைத் தம் உழைப்பால் நிறைவு செய்த துறவியர் இம்மண்ணில் இல்லாமலில்லை. வசாவிளானை அடுத்த தோலகட்டியில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் செபமும் தவமுமே அத்துறவியரின் வாழ்வு. ஆயினும் அவர்கள் பிறர் கையை எதிர்பார்த்து அமர்ந்திருக்கவில்லை. செம்மண்ணில் திராட்சைக் கொடி படரவிட்டனர். திருப்பலிக்குரிய திராட்சை இரசத்தையும் நெல்லி இரசத்தையும் தயாரித்தனர். தோலகட்டி நெல்லி இரசம் குடாநாட்டில் சமய வேறுபாடின்றி அறியப்பட்ட பெயராயிற்று. 1990இல் அப்பகுதி மக்களோடு அவர்களும் இடம்பெயர நேர்ந்தது. ஆச்சிரமம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. நிலம் பறிபோன அந்நிலையிலும் அவர்களது மரபு அழிந்து போகவில்லை. உழைப்பையே செபத்தின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

இதே உண்மையை வேறொரு வழியில் உணர்த்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார். தெல்லிப்பழை துர்க்காதேவி ஆலயத்தின் வருவாய் திருவிழாவோடு முடிந்துவிடக் கூடாது என்று கருதி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை உருவாக்கினார். ஆலயத்தின் உண்டியலில் விழுந்த காசு ஒரு பிள்ளையின் உணவாகவும் பாடப்புத்தகமாகவும் மாறியது. தாம் கொடுத்தது எங்கே போகிறது என்பதை அடியார்கள் கண்ணால் கண்டனர். அதனால் மேலும் கொடுத்தனர். 2008இல் அம்மையார் மறைந்தார். அவர் காட்டிய வழி இன்றும் பின்பற்றத் தக்கது.

பேணுதல் என்பது இப்போது கூரையோடும் சுவரோடும் முடிந்துவிடும் விடயமன்று. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் சமயத் தலங்கள் திகைத்து நின்றதை மறந்துவிட முடியாது. விகாரைகளிலிருந்து எழுந்த எதிர்ப்புக் குரல் பெரிதாக ஒலித்தது. அதன் பின்னர் இந்திய உதவியுடன் எல்லா மாவட்டங்களிலும் 5,000 சமயத் தலங்களுக்குக் கூரைமேல் சூரிய மின் தொகுதிகளை வழங்கும் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. மொத்தக் கொள்ளளவு 25 மெகாவாற். தலமொன்றுக்கு 5 கிலோவாற் என்பது சிறிய இல்லமொன்றின் தேவைக்குப் பெரும் துணையே. ஆனால், சூரியத் தகடு பல ஆண்டுகள் உழைத்தாலும், அதனோடு இணைந்த மின் மாற்றுக் கருவி அதற்கு முன்னரே பழுதடையக்கூடும். அன்று அதை மாற்றுவதற்கு யார் பணம் தருவார்? இன்றே அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்காத இல்லத்தின் கூரையில் நாளை இருப்பது பயனற்ற கண்ணாடியே.

மின்சாரத்தைவிட முக்கியமானது நீர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எமது குடிநீர். மேலே கொட்டும் உரமும், மலசலகூடக் குழியின் கழிவும் அதே கல்லினூடாகக் கிணற்றுக்கு வந்து சேர்கின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பது பலகாலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வருகிறது. விசாலமான கூரையும் வளவும் உள்ளவை மடங்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களுமே. அவை கூரை நீரைத் தொட்டியில் சேர்த்து, கழிவுக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைத்து, வளவில் இரசாயனமின்றிப் பயிர் செய்தால் பயன் அவற்றுக்கு மட்டுமல்ல, அயலவர் கிணற்றுக்கும் உண்டு.

இந்தச் சிந்தனை எமது முஸ்லிம் சகோதரருக்குப் புதியதன்று. வக்பு என்பதே, மூலப்பொருளை விற்காமலும் அழிக்காமலும் காத்து அதன் பயனை மட்டும் சமூகத்துக்கு வழங்கும் ஏற்பாடு. கிணறு வெட்டுதலும் மரம் நடுதலும் ஸதகதுல் ஜாரியா எனும் நிலையான தர்மமாகவே கருதப்படுகின்றன. பள்ளிவாசல்களையும் வக்பு சொத்துகளையும் நிர்வகிப்போரைக் கணக்குக்குக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் உண்டு. ஆனால், சட்டம் இருந்தும் மக்கள் இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சோனகத் தெரு கண்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். தொழுவோரின்றிப் பள்ளிவாசல்கள் பாழடைந்தன. திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. பெரிய ஜமாஅத்துக்கென எழுந்த கட்டடத்தைச் சிறிய ஜமாஅத் பேண வேண்டியிருப்பது இலகுவான காரியமன்று. அயலிலுள்ள தமிழரும் அப்பாரத்தை உணர வேண்டும். வீடும் தொழிலும் இன்றித் திரும்பும் குடும்பத்துக்குப் புதுப்பித்த சுவர் மட்டும் போதாது.

யுத்தத்தால் இடிந்ததை மக்களே ஏன் தம் காசில் திருத்த வேண்டும் எனக் கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. அழிவுக்கான நட்டஈடும், பறித்த நிலத்தை மீள அளிப்பதும் அரசின் கடமை. அதைக் கோரும் உரிமையை எவரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால், நட்டஈடு ஒருமுறை வருவது. பேணுதல் ஆண்டுதோறும் வருவது. முன்னதைப் பிறரிடம் கோரலாம். பின்னதைப் பிறரிடம் ஒப்படைத்தால் இல்லத்தின் மீதான உரிமையும் மெல்ல மெல்லக் கைமாறும். நிதி தருபவர் நிபந்தனையும் தருவார் என்பது நாம் அறியாததன்று.

எனவே ஒவ்வொரு சமய இல்லமும் மூன்று காரியங்களை உடனடியாகச் செய்யலாம். முதலாவது, வருமானத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்றே ஒதுக்கி, அதை வேறெதற்கும் தொடாதிருத்தல். இரண்டாவது, வரவு செலவை ஆண்டுக்கொருமுறை வாசலில் ஒட்டுதல். மூன்றாவது, உள்ள கட்டடத்தைப் பேண வழி காணும்வரை புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டாதிருத்தல். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை, மனத்துணிவே தேவை.

நல்லூரில் ஒரு ரூபாவைக் கொடுப்பவர் ஆலயத்துக்குத் தாம் எதையோ பெரிதாகச் செய்துவிட்டதாக எண்ணுவதில்லை. ஆனால், அந்த ஆலயம் தம்முடையது என்று எண்ணுகிறார். கன்னியர் மடத்தின் ஓடும், பள்ளிவாசலின் கிணறும் அதேபோல் தம்முடையவை என்று அயலவர் எண்ணும் நிலை வருமானால், அடுத்த மாரியைப் பற்றி அங்கு வாழ்வோர் அஞ்ச வேண்டியிராது.