செம்பனை வண்டும் ஒரு நாற்காலியும்

கோத்தா திங்கியிலிருந்து குளுவாங் சாலையில் காரை விட்டால் இருபக்கமும் செம்பனைதான். பெண் பூவில் மகரந்தம் சேர்ந்தால்தான் குலை திரளும். 1981க்கு முன் பல தோட்டங்களில் அந்த வேலையை நம் ஆட்கள் கையால் செய்தார்கள். மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, பீச்சும் குப்பியில் அடைத்து, மரம் மரமாகத் தூவிக்கொண்டே போக வேண்டும்.

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்பது அன்றைய நிபுணர்களின் முடிவு. யூனிலீவர் தோட்ட அதிகாரி லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் வேறொன்றைப் பார்த்திருந்தார். அங்கே பூக்களில் சிறு வண்டுகள் மொய்க்கும். குப்பி தூக்க ஆள் தேவையில்லை, காய் நன்றாகவே பிடித்தது. 1960இல் மலேசியப் பக்கம் திரும்பியதும் அதைச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1974இல் அவரே யூனிலீவரின் தோட்டப் பிரிவில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிறகுதான் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். ஆண் பூவின் சோம்பு வாசத்துக்கு வரும் வண்டு அதிலேயே முட்டையிட்டு வளர்கிறது. பெண் பூவும் அதே வாசத்தை வீச, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு ஏமாந்து அங்கேயும் போகிறது. மற்ற பயிர்களைத் தொடாது என்று சோதித்துத் தெளிந்த பிறகே, 1981இல் குளுவாங் பாமோல் தோட்டத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். வண்டுக்கு வேலி ஏது? பக்கத்துத் தோட்டங்களுக்கும், போட்டி நிறுவனங்களுக்கும் இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. குப்பிகள் மூலைக்குப் போயின.

யோசனை 1960இலேயே கையில் இருந்தது. பிறகு மாறியதில் முக்கியமானது, அதைச் சொன்னவர் உட்கார்ந்த நாற்காலி. புத்தாக்கம் என்று ஹோட்டலில் பயிலரங்கு நடத்தும் நிறுவனங்கள் இந்தக் கதையைத்தான் முதலில் படிக்க வேண்டும். கண்ணால் பார்த்தவனிடம் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் தோட்டத்தில் இறங்குவதில்லை.

இன்னொரு தடையும் உண்டு, மலிவான கூலி. பிரிட்டனில் கூலி அதிகமாகவும் நிலக்கரி மலிவாகவும் இருந்ததால்தான் 18ஆம் நூற்றாண்டில் அங்கே இயந்திரம் கட்டுப்படியானது என்கிறார் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன். இங்கே? உயர்ந்த மரத்துக் குலையை இறக்க இன்றும் பெரும்பாலும் நீண்ட கம்பில் கட்டிய அரிவாள்தான். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 'சந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாளை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டு ஆள் கிடைக்கும்வரை யாருக்கு அவசரம்? 2020இல் கோவிட்டால் எல்லை மூடி, வெட்ட ஆளில்லாமல் பழம் வீணானபோதுதான் இயந்திரமயம் என்ற பேச்சு சூடுபிடித்தது.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அறுவடைக் கருவிகளைப் பற்றிக் கூட்டம் போட்டால், அந்தக் கம்பைப் பிடிக்கிற ஒருவருக்கும் அங்கே நாற்காலி போடுங்கள்.