மின்னேற்றியின் குறைந்த மின்னோட்டமும் அளந்தறியும் பழக்கமும்

லிதியம் மின்கலத்திற்கு மின்னேற்றும் சிறு சுற்று, எதிர்பார்த்த 1 ஆம்பியருக்குப் பதிலாக 300 அல்லது 400 மில்லி ஆம்பியரே தருகிறது என்பது பழுது பார்ப்போரிடத்தும் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் அடிக்கடி எழும் முறையீடு. இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் பரிகாரங்கள் இரண்டு. சுற்றுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது ஒன்று. மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் தடையை நீக்கிக் குறைந்த மதிப்புள்ள தடையைப் பற்றவைப்பது மற்றொன்று. முன்னது வீண் செலவு, பின்னது ஆபத்து. இரண்டிலும் அளத்தல் என்னும் காரியம் விடுபட்டுப் போகிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்திலுள்ள களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்விஷயம் அயலானதன்று. காரகம்பாடியில் அமர ராஜா நிறுவனத்தார் பல்லாண்டுகளாக ஈய மின்கலங்களைச் செய்து வருகின்றனர். திருப்பதியில் 2015ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மின்னணுத் தொழிற்பேட்டையில், முனோத் நிறுவனத்தாரின் லிதியம் மின்கலத் தொழிற்சாலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 20,000 கலங்கள் என்பது அப்போது அறிவிக்கப்பட்ட அதன் திறன். கலம் செய்யும் தொழில் இவ்வளவு அருகில் வந்துவிட்டபின், அக்கலத்திற்கு மின்னேற்றும் முறை பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிராக இருப்பது பொருந்தாது.

மலிவாகக் கிடைக்கும் மின்னேற்றிப் பலகைகளில் பெரும்பாலும் காணப்படுவது டி.பி. 4056 என்னும் எட்டுக் கால் சில்லு. இது கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டும்வரை மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தும்; பின்னர் மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்தி, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறையவிடும்; நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நின்றுவிடும். அந்த நிர்ணயத்தைச் செய்வது இரண்டாவது காலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள ஒரு தடையே. 1,200ஐ அத்தடையின் ஓம் மதிப்பால் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் கணக்கு கிடைக்கும். 1.2 கிலோ ஓம் எனில் 1 ஆம்பியர். 10 கிலோ ஓம் எனில் சுமார் 130 மில்லி ஆம்பியர். தடையின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்த அளவிலேயே சில முறையீடுகள் தீர்ந்துவிடும். அங்கே சுற்று தனக்கு இட்ட பணியைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

அந்த இரண்டாவது கால் இன்னொரு வகையிலும் உதவுகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. முழு மின்னோட்டம் பாயும்போது அக்காலில் 1 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் குறைந்தால் அதே விகிதத்தில் இவ்வழுத்தமும் குறையும். கம்பியை எங்கும் அறுக்காமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தரையிலும் மற்றதை அக்காலிலும் வைத்தால் போதும். 0.1 வோல்ட் அளவில் காட்டினால், கலம் 2.9 வோல்ட்டுக்குக் கீழே வடிந்து கிடக்கிறது என்றும், சில்லு பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தால் அதை மெல்ல மீட்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அல்லது கலம் நிறையும் தறுவாயில் இருக்கலாம். கலத்தின் மின்னழுத்தத்தை அளந்தால் இவ்விரண்டில் எது என்பது விளங்கிவிடும்.

இடைப்பட்ட மதிப்பைக் காட்டினால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பலகையின் வெளியேறு முனையில் 4.2 வோல்ட் இருப்பின், மின்னோட்டம் குறைவது இயல்பு. அவ்வாறு இல்லையெனில், பலகைக்குள் நுழையும் மின்னழுத்தத்தை மின்னேறும்போதே அளக்க வேண்டும். மெல்லிய யூ.எஸ்.பி. கம்பியின் இரு இழைகளும் இணைப்பான்களும் சேர்ந்து அரை ஓம் தடை உடையன எனக் கொள்வோம். 1 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் வழியிலேயே கரைந்து, 5 வோல்ட் 4.5 ஆகிவிடும். கலம் 4 வோல்ட்டில் இருக்குமானால் சில்லுக்கு எஞ்சுவது அரை வோல்ட். முழு மின்னோட்டத்தைத் தள்ள அது பல வேளைகளில் போதாது. கம்பியை மாற்றிப் பார்ப்பதே இதற்கு மருந்து. மூன்றாவது வெப்பம். 5 வோல்ட் நுழைவும் 3.5 வோல்ட் கலமும் இருக்கையில், 1 ஆம்பியருக்கு 1.5 வாட் அச்சிறு சில்லிலேயே வெப்பமாகிறது. சூடு மிகுந்தால் அது தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயில் 40 பாகையைத் தாண்டும் திருப்பதியின் கோடையில், மூடிய தகரப் பெட்டிக்குள் வைத்த மின்னேற்றியைக் குறை கூறுவது நியாயமாகாது. பெட்டியைத் திறந்து விசிறியால் காற்று வீசி, இரண்டாவது காலின் அழுத்தம் ஏறுகிறதா என்று நோக்கினாலே உண்மை தெரியும்.

அக்காலில் 1 வோல்ட் நிற்கக் கணக்கும் சரியாயிருக்க, மீட்டர் மட்டும் குறைத்துக் காட்டினால் மீட்டரின் அளவையையே ஐயுறல் வேண்டும். மீட்டரைச் சுற்றில் தொடராக இணைப்பதே மின்னோட்டத்தைக் குறைப்பதும் உண்டு. மீட்டரும் அதன் கம்பிகளும் 0.3 ஓம் உடையன; கலம் 3.95 வோல்ட்டில் இருக்கிறது. 1 ஆம்பியர் பாய வேண்டுமானால் பலகை 4.25 வோல்ட் தர வேண்டும், அதுவோ 4.2க்கு மேல் தராது. ஆகவே 0.25ஐ 0.3ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.83 ஆம்பியரே பாயும். அளக்கும் கருவியே அளவை மாற்றிவிடுகிறது. இந்த ஓர் உதாரணம் ஓமின் விதியைப் பற்றிய பல பக்கப் பாடத்திற்கு ஈடாகும்.

தடையை மாற்றும் வழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஈய மின்கலத்தோடு பழகிய கைகளுக்கு, மின்னோட்டத்தைக் கூட்டினால் விரைவில் ஏறும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. திறந்த வாயுடைய ஈயக் கலம் மிகையாக ஏறினால் வாயு வெளிப்படும். வடிநீர் ஊற்றிச் சரிசெய்துகொள்ளலாம். லிதியம் கலத்தில் அத்தகைய மன்னிப்பு இல்லை. அளவுக்கு மீறி விரைந்து ஏற்றினால் எதிர்முனையின் மேல் லிதியம் உலோகமாகப் படியும். அப்படிவு உள்ளே குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீயில் முடியலாம். 300 மில்லி ஆம்பியர்-மணிக் கலத்தை 1 ஆம்பியர் பலகையில் மாட்டுவது, அது தாங்கத்தக்கதைப் போல் பன்மடங்கு சுமையை ஏற்றுவதாகும். அங்கே தடையின் மதிப்பைக் கூட்டுவதே முறை. மேலும், மலிவான பலகைகளில் கலத்தின் வெப்பத்தை உணர வேண்டிய முதற்காலைத் தரையோடு இணைத்துவிடுகின்றனர். கலம் கொதித்தாலும் சில்லுக்குத் தெரியாது. இதை அறியாமல் மின்னோட்டத்தைக் கூட்டுவோர் கையில் எஞ்சியிருக்கும் காவல் அவர்களுடைய கவனம் ஒன்றே.

பயிற்சி வகுப்புகளில் பலகையை மாற்றக் கற்பிப்பதைக் காட்டிலும் மேற்கூறிய அளவைகளைக் கற்பிப்பது மேலாகும். ஒரு மீட்டரும் ஒரு பலகையும் இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும். பாதி வடிந்த கலம் ஒன்றை, மாணவர் கண் முன்பாக ஆசிரியர் உடனிருக்க மின்னேற்றி, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கலத்தின் அழுத்தத்தையும் இரண்டாவது காலின் அழுத்தத்தையும் கரும்பலகையில் எழுதிவரச் செய்யலாம். கலத்தின் கோடு 4.2இல் தட்டையாகும் இடத்திலிருந்து மற்றக் கோடு சரியத் தொடங்குவதை அவர்களே கண்டுகொள்வர்.